மல்லாந்து கூப்பிட்டவள்

"யாரும் ஓடாதீங்க! ஒருத்தனும் ஓடக் கூடாது!"

கத்திக்கொண்டே, சாய்ந்து கிடந்த கம்பி வேலியைத் தாண்டினாள் நூல்கண்டு. காலில் ஒரு செருப்புதான் இருந்தது. தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம், அறுவடை முடிந்த சோளக்காட்டில், அவளுடைய ஈமுக்களில் பதினொன்று கழுத்தை நீட்டி நின்றன. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கறிக்கு வண்டியேறத் தனி வேலிக்குள் அடைத்து வைத்தவை. மழையில் ஊறிய வேலிக்கால் ஒன்று மதியம் விழுந்துவிட்டது. அது போதுமாக இருந்தது.

கொழுந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். பின்னால் இன்னொரு வண்டியில் அவன் நண்பர்கள் இரண்டு பேர், கையில் கயிறு.

"அண்ணி, நீங்க தள்ளுங்க. மூணு பக்கமும் வளைச்சு ஒரே விரட்டு. பத்து நிமிஷ வேலை."

"வண்டிய ஆஃப் பண்ணு. சாவியக் குடு."

"அதுக்குள்ள ஓடிப் போயிடும் அண்ணி."

"நீ விரட்டினாத்தான் ஓடும். ரெண்டு சாவியும் குடு."

வாங்கி பேண்ட் பையில் போட்டுக்கொண்டாள். பேண்ட் கணவனுடையது, கீழே நாலு மடிப்பு.

போன மாதம் இப்படித்தான் விரட்டி ஏற்றினார்கள். பறவைகள் வேலியில் மோதின, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மேலே ஒன்றும் தெரியவில்லை. உரித்தபோது தொடையெல்லாம் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. ஈமுவுக்குக் கோழியைப் போல நெஞ்சில் கறி கிடையாது. தொடை போனால் எல்லாம் போயிற்று. கறிக்கடைக்காரர் கோபப்படாமல் சொன்னார்: "இன்னொரு தடவ இப்படி வந்தா உங்க பறவை எனக்கு வேணாம்மா." அந்த வட்டாரத்தில் ஈமு அறுப்பவர் அவர் ஒருவர்தான். முதுகுக் கொழுப்பும் அவரிடமிருந்துதான் திரும்பி வரவேண்டும். அது வராவிட்டால் உருக்கி விற்க ஈமு எண்ணெய் இல்லை.

நூல்கண்டு என்பது தையல் ஆலையில் வைத்த பெயர். குள்ளம், உருண்டை. பதினான்கு வருடம் சட்டைக் காலர் மட்டும் தைத்தாள். முழுச் சட்டை ஒன்று தைத்ததில்லை. ஈமு வளர்க்கலாம் என்று சொன்னது கணவன். முதல் வருடமே இடுப்பில் ஒரு உதை வாங்கினான். அதன்பிறகு எண்ணெய்ப் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைகளுக்குப் போகும் வேலையை எடுத்துக்கொண்டான். பறவைகள் அவளுடையவை ஆயின. நெஞ்சுக்குள் மேளம் அடித்தால் பெட்டை, உறுமினால் சேவல் என்று இருட்டிலும் சொல்வாள்.

மூன்று வருடத்துக்கு முன் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது வழுக்கி மல்லாந்து விழுந்தாள். எழ முடியவில்லை. கைகாலை உதைத்தாள். கொத்தியே கொன்றுவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மேலே ஒன்பது தலைகள், விபத்து நடந்த இடத்தில் கூடுகிற கூட்டம் மாதிரி, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு முறை வேண்டுமென்றே படுத்துப் பார்த்தாள். இரண்டு முறையும் வந்தன.

இப்போது சோளக்காட்டில் நூறு அடி உள்ளே போய் மல்லாந்து படுத்தாள். இரண்டு காலையும் மேலே தூக்கி மிதிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி! என்ன ஆச்சு, மயக்கமா?"

"வாய மூடு."

"டேய், உங்க அண்ணி சைக்கிள் கத்துக்கறாங்கடா," என்றான் ஒரு நண்பன். மற்றவன் போனை எடுத்தான்.

கணவன் சாலையிலிருந்து வேகமாக வந்தான். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "நூலு, எந்திரி. போறவன் வர்றவன்லாம் பாக்கறான். மானம் போகுது."

"போகட்டும். பறவை வரட்டும். நீ தள்ளி நில்லு."

பெரிய பெட்டைதான் முதலில் திரும்பியது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. நாலு எட்டு வைத்தது, நின்றது. பின்னால் மற்றவை. கடைசியில் பதினொன்றும் அவளைச் சுற்றி நின்றன. ஒன்று சட்டைப் பொத்தானைக் கொத்தியது. அவள் மெல்ல எழுந்து, சாலைப் பக்கமாக ஆறேழு தப்படி பின்னால் நடந்து, மறுபடி படுத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஐந்தாவது முறை படுக்கும்வரை சிரித்தார்கள். சோளக் கட்டைகள் முதுகில் குத்தின. ஏழாவது முறை எழும்போது கணவன் கை நீட்டினான். "கிட்ட வராத, மிரளும்," என்றாள். கையை ஊன்றி அவளே எழுந்தாள்.

தாரில் கால் வைக்கப் பறவைகள் யோசித்தன. அவள் சாலை நடுவில் படுத்தாள். ஒரு பேருந்து வந்து நின்றது.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?"

"சாகறவ காலை ஆட்டிட்டா படுப்பா? இஞ்சின ஆஃப் பண்ணுங்கண்ணே. ஹார்ன் அடிச்சீங்கன்னா பதினொண்ணையும் உங்க பஸ்லயே ஏத்திருவேன்."

"டிக்கெட்டு?" என்றார் நடத்துநர் படியிலிருந்து.

"டிக்கெட்டே வேணாம். ரெண்டு வயசுதான் ஆகுது."

ஓட்டுநர் இஞ்சினை நிறுத்தினார். கொழுந்தன் எதிர்ப்பக்கம் ஓடப் பார்த்து, நினைவு வந்து, நடந்து போய்க் கையை விரித்து ஒரு லாரியை நிறுத்தினான். பெட்டை ஒரு காலைத் தாரில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு எல்லாம் வந்தன.

வேலிக்குள் போகும்போது கடைசிச் சேவல் மட்டும் கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டது. அவள் வழியை அடைத்துக் கட்டி முடித்ததும் சாவிகளைக் கொழுந்தனிடம் கொடுத்தாள். அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

கணவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாவம்ல. உன்னை நம்பி வந்துச்சு. நாளைக்கு..."

"நம்பி எங்க வந்துச்சு? வேடிக்கை பாக்க வந்துச்சு," என்றாள். "கடப்பாரைய எடு. வெளிச்சம் இருக்கறப்பவே புது வேலிக்காலுக்குக் குழி தோண்டணும்."

மறுநாள் ஆறு மணிக்கு வண்டி வந்தது. ஒவ்வொரு பறவையாகப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்து, பலகைமேல் நடத்தி, பத்தை ஏற்றினாள். அரைமணி நேரத்தில் ஆகவேண்டிய வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது. வண்டிக்காரர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். காலில் காயம்பட்ட சேவலுக்கு மருந்து போட்டுத் தனியாக அடைத்தாள். மூன்று மணிக்குக் கறிக்கடைக்காரர் போன் செய்தார். எட்டு சுத்தம், இரண்டில் கொஞ்சம் கறுப்பு, அதை வெட்டி எடுத்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த மாதம் எத்தனை என்று கேட்டார். ஒன்பது என்றாள். ஐந்து மணிக்குக் கொழுப்பு வந்தது, ஆறு வாளி. இரண்டு வாளிக் கொழுப்பை விரல் கணுவளவு நறுக்கிச் சிறு தீயில் வைத்தாள். நாலு வாளி குளிர்பெட்டிக்குப் போயிற்று. கணவன் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்தான். எண்ணெயைத் துணியில் இரண்டு முறை வடிகட்டினாள்.