குறைந்தது ஒருவரையாவது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லி நான் நழுவப் போவதில்லை. இது நடந்தது. என் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது.

அக்கா பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. பேய்ப் படம் போட்டால் இடைவேளைக்கு முன்பே குறட்டை விடுவாள். செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. பிணவறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து, எந்தச் சங்கடமும் இல்லாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவள். அப்படிப்பட்டவள், இன்று யாராவது கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினால், இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொள்கிறாள்.

அந்தப் பள்ளியில் தேர்வெல்லாம் கணினியில்தான். ஆசிரியர் தன் கணக்கில் நுழைய வேண்டும். ஒரு கேள்வித் தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் யார் எழுத வேண்டும் என்று பெயர்களுக்கு நேரே டிக் போட்டு, 'ஒதுக்கு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். மாணவிகள் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்து திறந்தால் கேள்விகள் வந்து நிற்கும்.

அந்த வாரம் அக்காவின் மகனுக்குக் காய்ச்சல். மூன்று நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தவளிடம், மருந்து அளவுக் கணக்குத் தேர்வு இன்னும் நடக்கவில்லையே என்று முதல்வர் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். புதிதாகக் கேள்வி தயாரிக்க நேரமில்லை. தேர்வு அமைப்புக்குள் துழாவினாள். பழைய தொகுப்பு ஒன்று கிடைத்தது. 'மருந்து அளவு – இறுதி'. தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பக்கத்து மேசை ஆசிரியையைக் கேட்டாள். நான் வேலைக்குச் சேரும்போதே அது அங்கேதான் கிடந்தது, நல்ல கேள்விகளாக இருந்தால் போட்டுத் தொலை என்றார் அவர்.

கேள்விகள் நன்றாகவே இருந்தன. குழந்தையின் எடை பன்னிரண்டு கிலோ. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம். ஐந்து மில்லியில் நூற்று இருபது மில்லிகிராம் உள்ள மருந்து. எத்தனை மில்லி கொடுப்பாய்? இந்த மாதிரி. ஆனால் ஒவ்வொரு கேள்வியின் கடைசியிலும் தேவையில்லாமல் ஒரு வரி இருந்தது.

'குழந்தை காத்திருக்கிறது.'

யாரோ சிரத்தையாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தேர்ச்சி மதிப்பெண் நூற்றுக்கு நூறு என்று இருந்தது. அதை ஐம்பதாக மாற்றினாள். சேமித்துவிட்டுப் பார்த்தால், மறுபடி நூறு. இன்னொரு தடவை மாற்றினாள். நூறுதான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மொத்த வகுப்புக்கும் டிக் போட்டு, ஒதுக்கினாள்.

மறுநாள் மதியம் இரண்டரைக்குத் தேர்வு தொடங்கியது. நல்ல வெயில். ஜன்னலெல்லாம் திறந்திருந்தன. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருக்கிற சத்தம்கூடக் கேட்டது. ஆய்வக மேசைகளில் விசைப்பலகை வைக்க, இழுத்தால் வெளியே வருகிற பலகைத் தட்டு உண்டு. பெண்கள் தட்டை இழுத்துக்கொண்டு தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்கள். அக்கா தன் மேசையில் உட்கார்ந்து வருகைப் பதிவை முடித்துக்கொண்டிருந்தாள்.

டப்.

முதல் வரிசையில் ஒருத்தி அலறினாள். சுருட்டை முடி இருப்பதால் எல்லோரும் அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய தட்டு தானாக உள்ளே போய் மோதியிருந்தது. விரல்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தன. அக்கா ஓடிப்போய்த் தட்டை இழுத்தாள். வரவில்லை. மேசைக் காலில் பாதத்தை முட்டுக் கொடுத்து இழுத்தாள். அப்புறம் திடீரென்று லேசாகிவிட்டது... உள்ளே பிடித்திருந்த யாரோ விட்டுவிட்டதைப் போல.

இரண்டு விரல்கள் பின்பக்கமாக வளைந்திருந்தன.

ஆய்வக உதவியாளர் அங்கே எல்லோருக்கும் அண்ணன். அவர் ஓடி வந்து, ஸ்பிரிங் போயிருக்கும் டீச்சர் என்றார். குனிந்து பார்த்தார். அந்தத் தட்டில் ஸ்பிரிங்கே இல்லை.

சுருட்டையின் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு சொல். 'தவறு.' அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

டப்.

பின் வரிசை.

டப். டப்.

ஜன்னலோரம்.

வகுப்புத் தலைவி மட்டும் நிதானமாக எழுந்து, எல்லாரும் கையை எடுங்கடி என்றாள். நல்ல யோசனைதான். எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கேள்விக்கான நேரம் ஓடி முடிந்தது. பதில் சொல்லாததும் தவறுதானே. திரைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

தலைவியின் தலை சட்டென்று முன்னால் போனது. திரையில் மோதியது. தானாக நிமிர்ந்தது. மறுபடி மோதியது. கண்ணாடிச் சில்லு நெற்றியில் குத்தி, மூக்கின் இரு பக்கமும் ரத்தம் இறங்கியது. அவள் தன் கைகளால் மேசையை உந்திப் பார்த்தாள். முடியவில்லை. அவளுடைய பின்னல் மேல்நோக்கி நின்றது. யாரோ கொத்தாகப் பிடித்திருப்பது போல.

அக்கா பாய்ந்து அந்தப் பின்னலைப் பிடித்தாள்.

அங்கே ஒரு கை இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது. விரல் முட்டிகள் அவள் உள்ளங்கையில் தட்டுப்பட்டன. பேய் என்றால் ஜில்லென்று இருக்கும் என்பார்களே... அது சூடாக இருந்தது. வியர்த்திருந்தது. கோபத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் பிடிக்கப் பிடிக்க, மூன்றாவது தடவையும் தலை மோதியது. பெண் மயங்கிச் சரிந்தாள்.

இரண்டு பேர் கதவை நோக்கி ஓடினார்கள். பாதி வழியில் கால்கள் தரையை விட்டு எழும்பின. இருவரும் சுவரில் போய் அடித்து விழுந்தார்கள். ஒருத்தியின் தோள்பட்டையில் 'சடக்' என்ற சத்தம். அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கினார். திரைகளெல்லாம் அணைந்தன.

அலறல் நிற்கவில்லை.

டப். டப். டப்.

ஆசிரியர் மேசைக் கணினிக்கும் இணையப் பெட்டிக்கும் மட்டும் தனி பேட்டரி உண்டு. அந்த ஒரு திரை எரிந்துகொண்டிருந்தது. நேரம் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா அங்கே போய் விழுந்தாள். தேர்வை நீக்கு என்று அழுத்தினாள். 'தேர்வு நடைபெறுகிறது. நீக்க இயலாது.' ஒதுக்கீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். எல்லாப் பெயர்களிலும் டிக்கை எடுத்தாள். சேமி.

'குறைந்தது ஒருவரையாவது தேர்வு செய்யவும்.'

திரும்ப அழுத்தினாள். அதே வரி.

தன் பெயரைத் தேடினாள். ஆசிரியர் பெயர் அந்தப் பட்டியலில் வராது. மாணவிகள் மட்டும்தான். ஏற்கெனவே மயங்கிக் கிடந்த தலைவியின் பெயர் மேல் ஒரு கணம் அம்புக்குறி நின்றது. இவளுக்கு இனி வலி தெரியாதே... என்று ஒரு நினைப்பு ஓடியது. என்னிடம் இதையெல்லாம் கல் மாதிரி சொல்லிக்கொண்டு வந்த அக்கா, அந்த ஒரு கணத்தைச் சொல்லும்போதுதான் உடைந்து அழுதாள்.

பட்டியலின் அடியில் இன்னொரு பெயர் இருந்தது.

'மாதிரி மாணவர்.'

முகப்படம் இல்லை. சாம்பல் நிற வட்டம் மட்டும். அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருக்கும் பொம்மைக் கணக்கு. ஆளே கிடையாது.

டிக்.

சேமி.

சத்தம் நின்றது.

அந்த அறை முழுக்க, மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். வெளியே அந்த மோட்டார் சைக்கிள் மேல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றை மட்டும் அக்கா பிற்பாடுதான் யோசித்தாள். அவள் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவள் கையை யாரும் தடுக்கவில்லை.

பயிற்சி வீண்போகவில்லை. அந்தப் பெண்களே ஒருவருக்கொருவர் ஸ்கேலை வைத்து விரலைக் கட்டினார்கள். துப்பட்டாவைக் கிழித்து ரத்தத்தை அடைத்தார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். தலைவிக்கு நெற்றியில் தையல், சுருட்டைக்கு விரலில் கம்பி. மேசைகள் தரமில்லாதவை, மின்கசிவு, பெண்களுக்குப் பயத்தில் வந்த வலிப்பு என்று நிர்வாகம் வாய்க்கு வந்ததை எழுதிக்கொண்டு ஆய்வகத்தைப் பூட்டியது. எழுதியதில் கையெழுத்துப் போட அக்கா மறுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஆய்வக அண்ணன் அக்கா வீட்டுக்கு வந்தார். கொடுத்த காபியை வாங்கிக் கீழே வைத்தார். அப்புறம், நம்ம பள்ளிக்கு அந்தத் தேர்வு அமைப்பைப் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்காரர் இறந்துவிட்டார் என்றார். வீட்டில் விழுந்து தலையில் அடியாம்.

அக்கா என்றைக்கு என்று கேட்டாள்.

"அன்னிக்குத்தான், டீச்சர். மத்தியானம்."

அவள் கேட்காமலேயே மீதியையும் அவர் சொன்னார். புதுக் கணக்கு திறக்க வேண்டுமென்றால், உயிரோடு இருக்கிற ஒரு ஆளின் பிறந்த தேதியும் கைபேசி எண்ணும் கொடுத்தால்தான் அமைப்பு ஏற்குமாம். மாதிரி மாணவருக்கு அந்த மனிதர் தன்னுடையதையே கொடுத்திருந்தார்.

அக்கா துக்கம் விசாரிக்கப் போனாள். போகாதே என்று நான் தடுத்தேன். கேட்கவில்லை. நானும் கூடப் போனேன்.

சின்ன வீடு. கூடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை. அதை யாரோ பழைய போர்வையால் மூடியிருந்தார்கள். அவருடைய மனைவி எங்களைப் பள்ளிக்கூடத்து ஆட்கள் என்று மட்டும் தெரிந்துகொண்டு, வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னதையே எங்களிடமும் சொன்னார். விழவில்லையாம். விழுந்தார் என்று சொந்தக்காரர்கள்தான் சொல்லிக்கொள்கிறார்களாம். முதுகு வலி என்று லீவு போட்டுப் படுத்திருந்தவர், திடீரென்று எழுந்து வந்து, அந்த மேசை முன்னால் முதுகு நிமிர்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தாராம். அப்புறம் தலை மேசையில் மோத ஆரம்பித்ததாம். மனைவி பின்னாலிருந்து கட்டிப்பிடித்துப் பார்த்திருக்கிறார். ஏதோ ஒன்று இவருடைய கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டதாம். தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். நான்கு விரல் பதிந்த தடம். இன்னும் நீலமாக இருந்தது.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். குரல் தணிந்துவிட்டது.

"ஒவ்வொரு அடிக்கும் நடுவுல கொஞ்ச நேரம் விட்டுச்சும்மா. அப்பல்லாம் இவர் ஏதோ சொன்னார். ரத்தத்துல வாய் குழறுச்சு. காதைக் கிட்ட கொண்டுபோய்க் கேட்டேன்."

"என்ன சொன்னார்?" அக்கா கேட்டாள்.

"'தெரியலை சார்'னு சொன்னார். கடைசி வரைக்கும் அது ஒண்ணுதான். தெரியலை சார்... தெரியலை சார்..." அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க படிச்சவங்க. உங்களுக்காச்சும் தெரியுமா? யாரும்மா அந்த சார்?"