என் அப்பாவின் பெயரில் வந்த கடிதம்

முதலில் என்னுடைய எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கை பழக்கமில்லாததால் எழுத்துகள் சாய்ந்து போகும், பிழைகளும் இருக்கும். செபக்கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னபோதெல்லாம் பின்வாங்கி விட்டேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்து விடுங்கள்.

என் பெயர் அந்தோனிப்பிள்ளை. அப்பாவின் பெயர் சவரிமுத்து. ஊர் மன்னார். மொன்றியலில் செயின்ட்-மிஷேலில் மனைவி பிலோமினாவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருக்கிறேன். கர்க்லாண்டில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை.

2007 செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பொலிஸ் எங்கள் காரை மறித்தது. பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம். என் லைசன்ஸை வாங்கிக்கொண்டு போன பொலிஸ்காரர் நெடுநேரம் தன் காருக்குள்ளேயே இருந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. எனக்குப் பிரெஞ்சு வராது. பிலோமினா சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு கார்டெரியில் சமைக்கிறாள், அதனால் அவளுக்கு நன்றாக வரும். அவர் சொல்லச் சொல்ல அவள் தலையைக் குனிந்துகொண்டே போனாள். பின் இருக்கையில் பிள்ளைகள் பேச்சை நிறுத்தி விட்டார்கள். அவர்களுக்கும் விளங்கியது. விளங்காதவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளை அறைக்குள் அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் கேட்டாள்.

"உங்கட பிறந்த திகதியில ஒன்ராறியோவில ஒரு பிடிவிறாந்து இருக்காம். பெயர் கொஞ்சம் மாறிக் கிடக்காம், ஆனா நீங்களாத்தான் இருக்கும் எண்டு சொல்லுறான். இது வேற மாகாணமாம், இஞ்ச வைச்சுப் பிடிக்க ஏலாதாம். அந்தப் பக்கம் போனாப் பிடிப்பாங்களாம். என்ன செய்தனீங்கள்?"

நான் மூன்று வருடம் அவளிடம் மறைத்ததை அன்றைக்குச் சொன்னேன்.

2004 அக்டோபரில் வேலை குறைந்திருந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த யேசுதாசன் தன் வான் வண்டியில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒன்ராறியோவில் ஒரு கவுண்டிக்கு அப்பிள் பிடுங்கப் போவான். நானும் போனேன். ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல். நீங்கள் ஓட்டுங்கோ அண்ணை என்று வண்டித் திறப்பைத் தந்தான். தோட்டப் பாதை குறுகலானது. ஒரு வளைவில் வீட்டு வாசலில் நின்ற பழைய டிரக் ஒன்றின் பக்கத்தை வான் உரசிக்கொண்டு போனது. தகரம் கிழிந்த சத்தம் கேட்டது. வீட்டிலிருந்து ஒரு வயதானவர் கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார். நான் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று இன்றைக்கும் கேட்டுப் பார்க்கிறேன். ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு என்னை நோக்கி வந்தால் என் கால் என் சொல் கேட்காது.

மத்தியானம் பொலிஸ் தோட்டத்துக்கே வந்தது. லைசன்ஸ் மொன்றியலில் வீட்டில் கிடந்தது. பெயரையும் பிறந்த திகதியையும் விலாசத்தையும் கேட்டார்கள். பெயரை ஊரில் ஆமியின் சென்ரிப் பொயின்றில் எப்படிச் சொல்லிப் பழகினேனோ அப்படியே சொன்னேன். அப்பாவின் பெயர் முதலில், என் பெயர் பின்னால். அவர் அப்படியே எழுதிக்கொண்டு ஒரு தாள் தந்தார். நீளமாக ஏதோ சொன்னார். எல்லாவற்றுக்கும் யெஸ் சேர், யெஸ் சேர் என்றேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். யேசுதாசனிடம் கேட்டதற்கு அவன் சிரித்தான்.

"சும்மா இருங்கோ அண்ணை. உங்களைப் பிடிக்க மொன்றியலுக்கு வாறதுக்கு அவங்களுக்கு என்ன விசரே?"

அந்தச் சட்டை தோய்க்கப் போனது. தாள் கரைந்து போனது. நானும் அதை மறந்தவன் போல் நடித்தேன்.

இப்போது பிலோமினா ஒரு கொப்பியை எடுத்தாள். தோட்டம் இருந்த ஊரின் பெயர் எனக்குத் தெரியாது. யேசுதாசன் கல்கரிக்குக் குடிபோய் விட்டான், அவனுடைய தொலைபேசி இலக்கமும் எங்களிடம் இல்லை. அந்தப் பக்கம் நீதிமன்றம் உள்ள மூன்று சிற்றூர்களின் பெயர்களை விசாரித்துப் பெரிய எழுத்தில் எழுதினாள். தன் மத்தியான இடைவேளைகளில் ஒவ்வொன்றுக்கும் தொலைபேசி எடுத்தாள். என் லைசன்ஸில் உள்ளபடி பெயரைச் சொன்னாள். மூன்றிலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். இல்லை என்பது நல்ல செய்தி போலத் தோன்றும். அது அப்படி இல்லை. எங்கேயோ ஒரு பட்டியலில் நான் இருக்கிறேன், எந்தப் பட்டியல் என்று தெரியாது.

அந்தப் பயத்தை விளங்கப்படுத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் எங்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். ஒரு தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். அப்பா என் பக்கத்தில் இருந்தார். சவரிமுத்து என்று கூப்பிட்டதும் எழும்பினார். மண் சுடுகிறது, செருப்பைப் போடுங்கள் என்றேன். "இதில கிடக்கட்டும், உடன வந்திடுவன்" என்றார். அவ்வளவுதான். அந்தச் செருப்பை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவரை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதனால் அந்த இரண்டு மாதமும் நான் மனிதனாக இருக்கவில்லை. மெட்ரோவில் சீருடையைக் கண்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி நடந்தேன். என்னைத் திருப்பி அனுப்பி விடுவார்கள் என்று நினைத்தேன். ஊரில் சண்டை மூண்டிருந்த காலம் அது. அங்கே போனால் அப்பா போன வழிதான் என்று எனக்குத் தெரியும். வெறும் அலுவலகங்களில் நிலம் துடைக்கும்போது பின்னால் யாரோ சவரிமுத்து என்று கூப்பிடுவது போல் இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். நாற்காலிகள்தான் இருக்கும். அதைவிடப் பயம் எதுவென்றால், அந்தக் குரல் என் பெயரைக் கூப்பிடவில்லை. அப்பாவின் பெயரைத்தான் கூப்பிட்டது.

கோடி அற்புதர் அந்தோனியார் காணாமற்போனதைக் காட்டித் தருபவர். அவருடைய பெயர்தான் எனக்கும் வைத்தது. செவ்வாய்க்கிழமைகளில் ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்து அவரிடம் கேட்டேன். தப்ப வைக்கும்படி கேட்கவில்லை. என் பெயர் உள்ள பட்டியல் எங்கே இருக்கிறது என்று காட்டும் என்று மட்டும் கேட்டேன். சொல்லத் தெரியாமல் பல நாள் சுரூபத்துக்கு முன்னால் சும்மா முழங்காலில் இருந்தேன். பிலோமினாவின் கொப்பியையும் அங்கேயே வைத்திருந்தேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த மூன்று ஊர்ப் பெயர்களையும் பார்த்துப் பார்த்து எழுத்தின் வடிவம் மனதில் பதிந்து விட்டது.

நவம்பர் 2, இறந்தவர்களின் நாள். எங்கள் செபமேடையில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை உறை மூன்று வருடமாக இருந்தது. அது வந்தது 2004 நவம்பரில். மடங்களிலிருந்து ஆத்துமாக்களுக்குப் பூசை வைக்க இப்படி உறைகள் வருவது உங்களுக்குத் தெரியும். இந்த உறையின் மேல் அப்பாவின் பெயர் முதலில் இருந்தது. அதையும் என் பெயரையும் மட்டும் எனக்கு ஆங்கிலத்தில் அடையாளம் தெரியும். இந்த நாட்டில் யாருக்கு அவருடைய பெயர் தெரியும்? யாரோ புண்ணியவான் மடத்தில் அவருக்குப் பூசை எழுதியிருக்கிறார் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். இறந்தவரின் பெயரில் வந்ததைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நவம்பரும் அதற்கு முன்னால்தான் மெழுகுதிரி கொளுத்தினேன்.

அன்றைக்கும் கொளுத்தினேன். திரியைச் சரிசெய்யக் குனிந்தபோது உறையின் மூலையில் அனுப்பியவர் பெயரில்லாமல் சிறிதாய் அச்சடித்திருந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. கொப்பியின் மூன்றாவது வரி. அதே வடிவம். நான் பிலோமினாவைக் கூப்பிட்டேன். உறையைக் கையால் காட்டினேன்.

அவள் கறி வெட்டும் கத்தியால் உறையைத் திறந்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

"இது பூசைக் கடிதம் இல்லையப்பா. கோட்டுக் கடிதம். முதல் தவணைக்கு நீங்கள் போகேல்லையாம். இன்னொரு நாள் போட்டிருக்காங்கள். அதுக்கும் போகாட்டிப் பிடிவிறாந்தாம்."

மூன்று வருடமாக நான் மெழுகுதிரி கொளுத்தியது அதற்குத்தான். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டபடி என் முதற்பெயர் சவரிமுத்து ஆகிவிட்டது. பெயர்களை மாற்றிப் போட்டு அவர்கள் வைத்திருந்ததால்தான் தொலைபேசியில் கேட்டபோது நான் இல்லை. நான் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டேன். அப்பாவை அவர்கள் இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை யாரும் எழும்பவில்லை.

அடுத்த நாட்களில் பிலோமினா அந்த ஊருக்குத் தொலைபேசி எடுத்தாள். வழக்கறிஞர் இல்லாதவர்களுக்கு இலவசமாக உதவும் ஒரு பெண் சட்டத்தரணி அங்கே இருந்தார். தானாக வந்து சரணடைந்தால் நல்லது, செவ்வாய்க்கிழமை காலையில் வாருங்கள் என்றார். செவ்வாய் என்றதும் பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் போகமாட்டேன் என்றேன். அழுதேன். அவள் அழவில்லை.

"மாமா போகேக்க பக்கத்தில ஒருத்தரும் போக விடேல்லை. இப்ப நான் வாறன். நீங்கள் எழும்பி நில்லுங்கோ, அதுவே காணும்."

நவம்பர் 20. எங்கள் பங்கில் ஒருவர் ஓட்ட, அவருடைய காரில் போனோம். வெளியே ஈரப்பனி. முதலில் பொலிஸ் நிலையத்தில் என் விரல் அடையாளம் எடுத்து ஒரு அறையில் விட்டார்கள். கதவு பூட்டிய சத்தம் எனக்கு மட்டும்தான் அவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்கும். செபமாலையை வெளியே வாங்கி வைத்து விட்டார்கள். விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டு செபித்தேன். எத்தனை தடவை பிழைத்தேன் என்று தெரியாது.

பிறகு நீதிமன்றம். சிறிய மண்டபம், எங்கள் பங்கு மண்டபத்தை விடச் சிறியது. மொழிபெயர்ப்பவர் தொலைபேசியில் பேசினார். மேசையில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளிருந்து யாழ்ப்பாணத்துக் குரல் வந்தது, "பயப்படாதேங்கோ ஐயா, நான் சொல்லுறன்" என்று. ஒரு பெண் தாளைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார். சவரிமுத்து. வேற்று உச்சரிப்பில் கூப்பிட்டாலும் அது அவருடைய பெயர்தான்.

என்னால் எழும்ப முடியவில்லை. கால்களைப் பார்த்தேன். சப்பாத்தில் பனி உருகித் தண்ணீராகி நிலத்தில் பரவிக்கொண்டிருந்தது. அப்பாவின் செருப்பு ஞாபகம் வந்தது. அந்தோனியாரே, இவ்வளவு தூரம் காட்டித் தந்தீர், இனி தூக்கியும் விடும் என்று மனதுக்குள் சொன்னேன். யாரும் என்னைத் தொடவில்லை. ஆனால் எழும்பினேன். "ஓம், நான்தான்" என்றேன்.

நீதிபதி ஏன் இத்தனை காலம் வரவில்லை என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். டிரக்கை உரசியதையும் நிற்காமல் போனதையும் சொன்னேன். உறையையும் மெழுகுதிரியையும் சொன்னேன். சட்டத்தரணி அந்த உறையை எடுத்துக் கொடுத்தார். மெழுகு ஒட்டிய பக்கத்தை நீதிபதி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அந்தப் பிடியாணையை நீக்குவதாகச் சொன்னார். வழக்குக்கு இன்னொரு தவணை தருவதாகவும், அதுவரை நான் போகலாம் என்றும் சொன்னார்.

பெட்டிக்குள்ளிருந்து அந்தக் குரல் சொன்னது: "ஐயா, நீங்கள் வீட்ட போகலாமாம்."

என் அப்பாவுக்கு யாரும் சொல்லாத சொல் அது. அவருடைய பெயரைக் கூப்பிட்டு, அந்தப் பெயருக்கு எழுந்து நின்றவனிடம் அதைச் சொன்னார்கள். வெளியே வந்து பிலோமினாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

டிரக்கின் சொந்தக்காரரான அந்தப் பெரியவர் வயோதிபத்தில் இறந்து போயிருந்தார். அவருடைய மகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். பிலோமினா எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெரியவரின் ஆத்துமாவுக்கும் இப்போது பூசை வைக்கிறேன். முப்பது மணித்தியாலம் பொதுச்சேவை செய்யச் சொன்னார்கள். எங்கள் கோவில் நிலத்தையே துடைத்தேன். 2008 மார்ச்சில் வழக்கை விலக்கிக்கொண்டார்கள்.

அந்தக் குரல் முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். வேலையிடத்தில் சில நாட்களில் இன்னும் கேட்கிறது. இப்போது திரும்பிப் பார்த்து ஓம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறேன். மனைவியிடம் எதையும் மறைப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் திறக்காத உறை இருக்கும். அதை அப்படியே செபமேடைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அங்கே வைத்துவிட்டு எழும்பாதேயுங்கள். கடவுளுக்கு முன்னால் திறந்து பாருங்கள். உங்கள் பெயரைக் கூப்பிடும்போது பக்கத்தில் அவர் இருப்பார். நான் கண்டேன்.

அப்பாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, சமையலறை மேசையில் இருந்து இதை எழுதி முடித்தேன்.

2008 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.