வெளிச்சத்தில் தெரிந்தது

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்தாள் சசிரேகா. இருபத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கல்லூரிப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கீதையும் உபநிடதமும் சொல்லுவாள். பரீட்சை பயம், காதல் முறிவு, வேலை கிடைக்காத ஏக்கம், எதைக் கொண்டுவந்தாலும் அவளிடம் ஒரு பழைய கதை இருக்கும்.

அன்றைக்குக் கயிற்றையும் பாம்பையும் சொன்னாள். "இருட்டுல கயிறு பாம்பாத் தெரியும். அடிக்கறதுக்குத் தடி தேடாதீங்க. வெளக்க எடுத்தாந்து பாருங்க."

பாலிடெக்னிக்கில் படிக்கும் கீர்த்தி கையைத் தூக்கினாள். "அக்கா, பாத்தா நெஜமாவே பாம்பா இருந்தா இன்னா பண்றது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சசிரேகா, "அடுத்த வாரம் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

ஒரு மாதமாக அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கை தானாக அங்கே போகும். பட்டதும் சுட்டதுபோல் இழுத்துக்கொள்வாள். அம்மா செல்லம்மாளிடம்கூட மூச்சு விடவில்லை. பஸ்ஸில் போகும்போது ஆஸ்பத்திரிப் பலகையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊருக்கெல்லாம் விளக்கெடுக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை அடுப்படியில் வைத்துச் சொன்னாள். செல்லம்மாள் கேஸை அணைத்தாள்.

"இன்னாடி, ஒரு மாசமா சொல்லாமயா இருந்துக்கினு கீற? கெளம்பு."

செங்கல்பட்டில் ஸ்கேன் பார்த்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கயிறாக இருக்கட்டும், கயிறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கிடந்தாள்.

பாம்பாகத்தான் இருந்தது.

"ஆரம்பம்தான்மா. ஆபரேஷன் பண்ணிடலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." டாக்டர் முடிக்கவில்லை. உருவமே இல்லாமல் சசிரேகாவை ஆட்டிவைத்த பயத்துக்கு இப்போது ஒரு இடமும் அளவும் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பிள்ளைகளிடம் தனக்கு நடந்ததைச் சொன்னாள். "பாம்புன்னு தெரிஞ்சாதான் புடிக்கறவனக் கூப்பிட முடியும், கீர்த்தி. எனக்கு இப்பவும் பயமாத்தான் கீது." கீர்த்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொள்ளச் செங்கல்பட்டுக்குப் போகிறாள். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் திரும்பிவிடலாமா என்று நிற்பாள். பிறகு செல்லம்மாளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள்.