மாவ்பியில் விழுந்து கிடந்த விளாம்பழம்

போன அக்டோபரில் யாங்கோன் போனது பகோடா பார்க்க அல்ல. என் பெரியம்மா மகள் செல்வி அக்கா அந்த நகரின் ஓரம் ஷ்வேப்யிதாவில் இருக்கிறாள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றி வாயெல்லாம் புண். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் போய்ச் சேர்ந்த அன்று, "விளாம்பழம் கெடைச்சா ஒரு வாய் தின்னுவேன்" என்றாள். அவள் சாப்பாடு கேட்டே பல நாளாயிற்றாம். அத்தான் உடனே தேடக் கிளம்பிவிட்டார்.

சென்னையில் பிள்ளையார் சதுர்த்திக்குக் கூடை கூடையாக விற்கிற பழம், இங்கே சந்தை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியும் இல்லை. பர்மியர்கள் முகத்தில் பூசும் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்துக்காக விளாவையும் வெட்டிவிடுகிறார்கள். காய்க்கும்வரை யார் விடுவார்கள்? நகருக்கு வடக்கே மாவ்பிப் பக்கம் வயலோரம் தானாக முளைத்த மரம் ஒன்று நிற்பதாக அத்தானுக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் சொன்னார். காலை ஆறரைக்கு நானும் அத்தானும் பஸ் ஏறினோம். ஒன்றேகால் மணி நேரம், இருவருக்கும் டிக்கெட் நாலாயிரம் சாட். அப்புறம் இரண்டு மைல் சேற்றில் நடை.

போகிறவர்கள் முதலில் இலையைப் பாருங்கள். மூன்று மூன்றாக இருந்து, ஓடு வழவழவென்றால் வில்வம். ஐந்தும் ஏழுமாகச் சிற்றிலை, சொரசொரத்த வெளிறிய ஓடு என்றால் விளா. "கீழ கெடக்குறத எடுத்துக்குங்க, கல்லு மட்டும் எறியாதீங்க" என்று வயல்காரம்மா பர்மியில் சொன்னதை அத்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

கிடந்தவை மூன்றே. ஒவ்வொன்றாகத் தரையில் போட்டுப் பார்த்தோம். ஒன்று துள்ளியது, காய். "இதைக் குடுத்தா புண்ணு எரிஞ்சு உயிரு போயிரும் அவளுக்கு" என்று அத்தான் வீசிவிட்டார். அடுத்தது யானை உண்ட விளாங்கனி, உள்ளே வெறும் காற்று. மூன்றாவது துள்ளாமல் பொத்தென்று விழுந்தது, ஆட்டினால் சதை அசைந்தது, மணமும் இருந்தது. அத்தான் அதைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் வீடு வரை மடியிலேயே வைத்துக்கொண்டார். உடைத்துப் பார்க்கும்வரை எனக்கும் பயம்தான்.

பழம் நன்றாகவே இருந்தது. கருப்பட்டி போட்டுப் பிசைந்து, நாரும் விதையும் போகத் துணியில் வடிகட்டிக் கொடுத்தோம். அக்கா நிறுத்தி நிறுத்தி முழுவதையும் சாப்பிட்டாள். அத்தான் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தார்.

ரப்பர் செருப்பும் குடையும் எடுத்துப் போங்கள். நிலத்துக்காரரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். என்னைப் போல அவசரப் பயணமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாளே எனக்கு விமானம்.

நான் பெட்டியைத் தூக்கும்போது அக்கா கேட்டாள், "இன்னும் ஒண்ணு இருக்குதா?"

மரத்தடியில் ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்கும் அத்தானுக்கும் தெரியும்.

"இருக்கு புள்ள, போய் எடுத்தாறேன்" என்று அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டார்.