முகத்தை மூடாமல் சாப்பிட்ட ஆம்லெட்

முகம் வெளுக்க வேண்டும் என்று மூன்று வருடம் ஒரு ஸ்டீராய்டு கிரீமைப் பூசினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தோல் டாக்டரம்மா சொல்லி நிறுத்தியதும் முகம் சிவந்து, எரிந்து, உரிந்தது. எங்கள் ஊர் ராஜபாளையத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் பத்தியம் சொன்னார்கள். முட்டை, மீன், கத்தரிக்காய், பால் என்று ஒவ்வொன்றாக விட்டேன். போனில் பார்த்த சத்து மாத்திரைகளையும் வாங்கி விழுங்கினேன். ஒருநாள் மில்லில் வேலை பார்க்கும்போதே மயங்கி விழுந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, என் மாத்திரைப் பையை ஒதுக்கி வைத்தார். "கிரீமைத்தானே நிறுத்தச் சொன்னேன்? சோத்தை யாரு நிறுத்தச் சொன்னா? உங்களுக்கு ரத்தம் கம்மி. இரும்புச்சத்து மாத்திரை மட்டும் போதும். எல்லாத்தையும் நல்லாச் சாப்பிடுங்க."

வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. முகத்தை மறைக்கச் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில் ஆம்லெட் சொன்னேன். எதிரே இருந்த பெரியம்மா ஒருவர், "ஏம்மா, இந்த மூஞ்சியோட முட்டையா? இன்னும் கூடிரும்" என்றார்.

"டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் திங்கேன் பெரியம்மா" என்றேன். பிறகு கடைக்காரரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணாச்சி, இன்னொண்ணு போடுங்க!" என்றேன்.

தோல் ஆற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. என் பழைய கறுப்பு முகம்தான் திரும்பி வந்தது. இதற்கு என்ன குறைச்சல் என்று, என் நிறத்தைப் பழித்த யாரையும் அதுவரை நான் திருப்பிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.