படிக்கக் கூடாத பரீட்சை

"ஞாயித்துக்கிழமை டெஸ்டுக்கு யாரும் படிச்சிட்டு வரக் கூடாது" என்றார் சார். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டே நீட் கோச்சிங் போன வருஷம் அது. நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு மாடியில் வகுப்பு நடக்கும். அது எங்களுக்கு முதல் மாதிரித் தேர்வு.

"ரத்த டெஸ்டுக்குப் போறவன் ரெண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்துட்டுப் போனா நோய் தெரியுமா? உங்களுக்கு என்ன தெரியலைன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

எனக்கு என்ன தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இயற்பியல். பிளஸ் ஒன்னில் பாதிப் பாடத்தைப் புரியாமலேயே மனப்பாடம் செய்து தாண்டி வந்தவள் நான். அது இப்போது வெளியே தெரிந்துவிடும்.

எங்கள் வீடு பக்கத்து ஊரான வடக்குத்தில். அப்பாவுக்கு அந்த மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் மண்ணை வாரிப் போடுவார். சார் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"படிக்காம பரீட்சைக்குப் போறதா? இது எந்த ஊரு நியாயம்? மார்க்கு என் போனுக்குத்தான் வருமாம். பாத்துக்க."

அந்தப் 'பாத்துக்க' போதுமாக இருந்தது. போன வருஷம் அதே வகுப்பில் படித்த அக்கா ஒருத்தி எங்கள் தெருவில் இருந்தாள். அவளிடமிருந்து பழைய தேர்வுத்தாள்களை வாங்கி வந்து மூன்று நாள் உருப்போட்டேன். கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்கு விடை பி, அந்தக் கேள்விக்கு டி என்று மட்டும் ஏற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாளைத் திருப்பினேன். பாதிக்கு மேல் அதே கேள்விகள்.

வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். அப்பாவுக்கு ஷிப்டில் இருக்கும்போது மெசேஜ் வந்திருக்கிறது. சாயங்காலம் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். "கேண்டீன்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். பர்மனென்ட் ஆளுங்க கூட கை குடுத்தாங்க" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். என் ஸ்வீட்டை அம்மா தட்டில் வைத்துவிட்டேன்.

சார் என்னை நன்றாகப் படிப்பவர்களின் முதல் பேட்ச்சுக்கு மாற்றினார். அங்கே எனக்குப் புரியாத பாடங்களையெல்லாம் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். சந்தேகம் கேட்கவும் வழியில்லை. இரண்டாவதாக வந்தவள் அடிப்படையைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? சார் கேள்வி கேட்கத் திரும்பினாலே பேனாவைக் கீழே போட்டுக் குனிந்துகொள்வேன். காலையில் சைக்கிளை எடுக்கும்போதே குமட்டும். அம்மா பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தாள்.

இரண்டாவது மாதிரித் தேர்வுக்குச் சார் புதிதாகத் தாள் தயாரித்திருந்தார். இயற்பியல் பக்கத்தைத் திறந்தேன். ஒரு கேள்விகூடத் தெரிந்த முகமாக இல்லை. விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளை எடுத்தேன். வட்டங்களைக் குருட்டாம்போக்கில் நிரப்பிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் அப்பா குளிக்கப் போயிருந்தபோது போன் ஒலித்தது. மெசேஜ். திறந்து என் மார்க்கைப் பார்த்தேன், அழித்தேன். அழித்த பிறகுதான் பயம் முழுதாகப் பிடித்துக்கொண்டது. அப்பா வெளியே வந்து தலை துவட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் "இன்னும் மார்க்கு வரலியா?" என்று கேட்டார். இரண்டு நாளும் இல்லை என்றேன்.

மூன்றாம் நாள் சாரே போன் செய்து எங்கள் இருவரையும் வரச் சொன்னார். இரண்டு தாள்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திட்டவில்லை. "மொத டெஸ்டுக்குப் படிச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா முந்திக்கொண்டார். "நான்தாங்க சார் படிக்கச் சொன்னேன். படிச்சது தப்புங்களா?"

"படிச்சா தப்பில்லைங்க. படிச்சாளான்னுதான் கேக்குறேன்."

நான் அழுதுகொண்டே பழைய தாள்களைப் பற்றிச் சொன்னேன். மெசேஜை அழித்ததையும் சொன்னேன். அப்பா என்னையே பார்த்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன், தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் எழுந்து வெளியே போய் வண்டியருகே நின்றார்.

வடக்குத்து திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா சொன்னார்: "மார்க்கு கம்மின்னா கம்மின்னு சொல்லுடி. என் போனைத் தொட்டு அழிக்கிற அளவுக்கு என்னைப் பாத்து பயந்துகினு இருந்தியா?"

ஆமாம் என்று சொல்வதற்குப் பதில் என் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பழைய பேட்ச்சுக்கே திரும்பினேன். சார் பிளஸ் ஒன் புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து நடத்தினார். அதற்குப் பிறகு வந்த மாதிரித் தேர்வுகளுக்கெல்லாம் படிக்காமல்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் பயமாகவே இருந்தது, மதிப்பெண் மெதுவாகத்தான் ஏறியது. அந்த வருஷம் எனக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. கடலூரில் நர்சிங் சேர்ந்தேன்.