ஃபோகஸ் மாறாத புள்ளிகள்

பேரிகைப் பக்கம் என் அடுத்த தோட்டத்துக்காரம்மாவிடம், வளர்ப்பு மனை நிறைய இருந்த பட்டுப்புழுக்களைக் கொளுத்திவிடச் சொன்ன அறிவாளி நான்தான். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தர ஆய்வு செய்கிறேன். ஆகவே புழுவுக்கும் நானே அதிகாரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் இணையத்தில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கியிருந்தேன். லென்ஸை மாற்றி எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் ஃபோகஸ் கலையாது என்பது விற்றவனின் வாக்குறுதி. நல்ல கருவிகளில் அது உண்மை. பத்து மடங்கிலிருந்து நாற்பதுக்குப் போனால் சின்னத் திருகை லேசாகத் தொட்டால் போதும். விலையைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் தள்ளுபடியைப் பார்த்தேன்.

அந்த அம்மா மந்தமான நான்கு புழுக்களைக் கொண்டுவந்தார். கூடு கட்ட ஒரு வாரம்கூட இல்லை, இலையைத் தொடமாட்டேன் என்கின்றன. பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து சோதிக்கிறவர் திங்கட்கிழமைதான் வருவாராம். திங்கட்கிழமை வரை காத்திருக்க நான் என்ன சாதாரண ஆளா? ஒரு புழுவை நசுக்கி, துளித் தண்ணீரில் கலந்து, கண்ணாடித் துண்டில் தடவினேன். லென்ஸை மாற்றும்போதெல்லாம் சகலமும் மங்கிப்போயிற்று. ஏழெட்டு முட்டை வடிவப் புள்ளிகள் மட்டும் மங்காமல் நின்றன. நாற்பது மடங்கிலும் அவை துளிகூடப் பெரிதாகவில்லை. அங்கேயே விழித்திருக்க வேண்டியவன், கருவியின் தரத்தை மெச்சிக்கொண்டிருந்தேன்.

பட்டுப்புழுக்களைக் கூண்டோடு அழிக்கும் பெப்ரின் நோயின் கிருமி முட்டை வடிவம் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தவனை யார் நிறுத்துவது? புழு, இலை, படுக்கை எல்லாவற்றையும் எரித்தே ஆகவேண்டும் என்று கால்மணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

அந்த அம்மா உடனே கணவரைப் போனில் கூப்பிட்டு, டீசல் வாங்கிவரும்படி தெலுங்கில் சொன்னார். பிறகு, தானும் ஒரு தடவை பார்த்துவிடுவதாகச் சொல்லிக் குனிந்தார். கண் வைக்கும் மேல்குழல் லொடலொடத்ததால் அதைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் இதத் திருப்புனா அந்தப் புள்ளிங்களும் கூடவே சுத்துதுங்க. புழு கீழதானே இருக்குது?"

குழலைக் கழற்றி ஊதினேன். துடைத்தேன். நோய் குணமாகிவிட்டது.

திங்கட்கிழமை வந்தவர், மனைக்குள் புழுக்கம் அதிகம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிப் போனார். புழுக்கள் தின்றன, கூடும் கட்டின. கூடுகளை விற்றுவிட்டு வந்த அன்று அந்த அம்மா வேலியோரம் நின்று கேட்டார்:

"எங்க வூட்டுக்காரரு பைக்குல இருக்கற பிரேக்கு, நீங்க பாத்து அனுப்புனதுங்களா சார்? இல்ல, சும்மாதான் கேட்டேன்."